மட்டை நேர்மை அலுவலகம்

சென்ற ஆண்டு ஏப்ரலில், வெதர்பி கல்லூரியின் பெண்கள் லக்ராஸ் அணி ஏரிக்கு அக்கரையிலிருக்கும் கார்ட்ரைட் கல்லூரியிடம் தொடர்ந்து ஒன்பதாவது முறையாகத் தோற்றது. தோல்வி புதிதல்ல. எட்டு ஆண்டுகளில் வெதர்பி அதற்கு நன்றாகவே பழகியிருந்தது. தோற்ற விதம்தான் ஊரை உறுத்தியது.

ஆட்டம் முடிய நாற்பது நொடி இருந்தபோது இரு அணிகளும் ஒன்பது கோலில் நின்றன. வெதர்பியின் டெஸ் கலஹன், வலை கட்டிய நீண்ட மட்டையில் பந்தை ஏந்தியபடி மூன்று பேரைத் தாண்டி ஓடி அடித்தாள். பந்து உள்ளே போனது. வெதர்பி மாணவிகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்திக்கொண்டிருக்கையில் கார்ட்ரைட் பயிற்சியாளர் கையைத் தூக்கினார். "அந்த மட்டையைப் பாருங்க."

நடுவர் டெஸ்ஸின் மட்டையை வாங்கி, அதன் தலையில் பின்னியிருந்த வலைப்பைக்குள் பந்தைப் போட்டு, விரலால் ஓர் அமுக்கு அமுக்கி, கண் மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்தார். பையின் பக்கச் சுவருக்கு மேலே பந்தின் உச்சி தெரிய வேண்டும். தெரியவில்லை. மழையில் நனைந்து வலை தொய்ந்து, பந்து ஒரு நகக்கனம் உள்ளே போயிருந்தது. கோல் செல்லாது, மட்டை வெளியே. அடுத்த முப்பது நொடியில் கார்ட்ரைட் ஒரு கோல் போட்டு, கோப்பையாக வைத்திருக்கும் பழைய பால் கேனைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறியது.

அந்த வலையைப் பின்னியவர் வெண்டல் ப்ரூயிட். உடற்பயிற்சிக் கூடத்தின் அடித்தளத்தில் சாமான் அறை வைத்திருப்பவர். இருபத்திரண்டு ஆண்டுகளாக உடுப்பு துவைத்து, காலணி உலர்த்தி, மட்டை பின்னி வருபவர். இடைவேளையில் டெஸ்ஸின் மட்டையை வாங்கி ஒரு முடிச்சை இறுக்கியிருக்க வேண்டும். கையுறைகளை உலர்த்தும் அவசரத்தில் மறந்துவிட்டார். டெஸ் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. "என் மட்டை, என் தப்பு" என்று பத்திரிகைக்காரனிடம் சொல்லிவிட்டாள். அதுதான் வெண்டலுக்குத் தாங்கவில்லை.

ஒரு முடிச்சோடு தீர்ந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் முடிச்சை இறுக்குவது ஒரு நடவடிக்கை ஆகாது. கல்லூரி ஏழு பேர் கொண்ட ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தது. குழு ஐந்து மாதம் கூடியது. தோல்வியின் மூலக் காரணம், மட்டைகளுக்கென்று தனி நிர்வாகம் இல்லாததே என்று கண்டுபிடித்தது. அக்டோபரில் மட்டை நேர்மை அலுவலகம் திறக்கப்பட்டது. இரண்டாம் மாடியில், ஏரி தெரியும் அறையில், நான்கு ஊழியர்களுடன்.

இயக்குநராக வந்தவர் டாக்டர் லூமிஸ். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பதினெட்டு ஆண்டு விதி ஒழுங்குப் பிரிவை நடத்தியவர். திறப்பு விழாவில் அவர் பேசியதை வெண்டல் கடைசி வரிசையில் நின்று கேட்டார்.

"நான் லக்ராஸ் மட்டையைக் கையால தொட்டது கிடையாது," என்று டாக்டர் லூமிஸ் தொடங்கினார். "அதை ஒரு குறையா யாரும் நினைக்க வேண்டாம். தொட்டவங்களாலதான் இந்தப் பிரச்சனையே வந்தது. எனக்கு எந்த மட்டை மேலயும் பாசம் கிடையாது. எல்லா மட்டையையும் நான் ஒரே மாதிரி சந்தேகப்படுவேன். அந்த உறுதியை இன்னிக்கு உங்களுக்குக் கொடுக்கிறேன்."

கைத்தட்டல் பலமாக இருந்தது. பக்கத்தில் நின்ற வெதர்பி அணிப் பயிற்சியாளர் குபியாக் மட்டும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். போலந்து வழிக் குடும்பம். அவர் திட்டுவது யாருக்கும் புரியாது என்பது அவருக்கு ஒரு வசதி.

குளிர்காலம் முழுவதும் அலுவலகம் தயாரிப்பில் இருந்தது. வலைப்பையின் ஆழத்தை ஒளிக்கதிரால் அளக்கும் கருவி ஒன்று வந்தது. நடுவர் நான்கு நொடியில், ஒரு பந்தையும் ஒரு கண்ணையும் வைத்துச் செய்வதை அது இருபது நிமிடத்தில் செய்தது. ஆனால் மூன்று தசமத்துக்குச் செய்தது. மட்டை ஒவ்வொன்றுக்கும் எண், கோப்பு, புகைப்படம், வரலாறு. வரலாறு என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் வெண்டல் "பின்னப்பட்டது" என்று முப்பத்தொரு முறை எழுதினார்.

மார்ச் மாதக் கடைசியில், கார்ட்ரைட் ஆட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது, முப்பத்தொரு மட்டைகளும் அளக்கப்பட்டன. எல்லாம் தேறின. மேல்மாடியில் கேக் வெட்டினார்கள். மூன்று நாள் கழித்து மறுபடி அளந்தார்கள். பத்தொன்பது மட்டைகளின் பை ஆழமாகியிருந்தது. சட்ட அளவைத் தாண்டவில்லை, ஆனால் ஆழமாகியிருந்தது.

வெண்டலை மாடிக்கு அழைத்தார்கள்.

"மிஸ்டர் ப்ரூயிட், திங்கட்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் நடுவுல இந்த மட்டைகளுக்கு என்ன நடந்தது?"

"பயிற்சி நடந்தது மேடம். பந்து விழுந்து விழுந்து வலை கொஞ்சம் இறங்கும். அப்புறம் நான் இழுத்துக் கட்டிடுவேன். எப்பவும் அப்படித்தான்."

"அதாவது, உபயோகிச்சா ஆழமாகுது."

"ஆமா."

"உபயோகிக்காத மட்டைகள்?"

"உபயோகிக்காத மட்டைக்கு ஒண்ணும் ஆகாது. யாரு உபயோகிக்காம வச்சிருக்காங்க?"

டாக்டர் லூமிஸ் தம் ஊழியர்களைத் திரும்பிப் பார்த்தார். நால்வரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நெடுநாள் தேடிய நோயைக் கண்டுபிடித்த மருத்துவரின் சாந்தத்தோடு அவர் சொன்னார்: "அப்போ காரணம் விளையாட்டுதான்."

மறுநாள் ஆணை வந்தது. மட்டைகளின் சட்டத்தகுதியைக் காக்கும் பொருட்டு, சான்று பெற்ற முப்பத்தொரு மட்டைகளும் ஆட்ட நாள் வரை கெட்டி பிளாஸ்டிக் உறையில் இட்டு முத்திரை வைக்கப்படும். சான்று பெறாத மட்டை எதுவும் கல்லூரி எல்லைக்குள் வரக் கூடாது. விதி பதினான்கு: அனுமதியின்றி முத்திரையை உடைக்கும் ஊழியர் அன்றே பணி நீக்கம் செய்யப்படுவார்.

"அப்போ பொண்ணுங்க எதை வச்சு ஆடுவாங்க?" என்று பயிற்சியாளர் குபியாக் மாடிக்கே போய்க் கேட்டார்.

"ஓட்டத்துக்கு மட்டை தேவையில்லையே, கோச்."

"எறியறதுக்கு?"

"கைதான் எறியுது. மட்டை சும்மா கூட வருது. நான் படிச்சுப் பார்த்தேன்."

அப்படியாக வெதர்பி அணி வெறுங்கையோடு பயிற்சி செய்யத் தொடங்கியது. முதல் நாள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் பழகிவிட்டார்கள். இல்லாத பந்தை இல்லாத மட்டையில் வாங்கி இல்லாத மட்டைக்கு எறிந்தார்கள். கோல் காக்கும் பெண் அன்று மாலை மட்டும் நாற்பது பந்துகளைத் தடுத்தாள். அவளைத் தவிர வேறு யாருக்கும் அவை தெரியவில்லை. நான்காம் நாள் இரண்டு மாணவிகளுக்குள், பந்து கோட்டுக்கு வெளியே போனதா இல்லையா என்று பெரிய சண்டை. ஒருத்தி அழுதேவிட்டாள்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த அலுவலக ஊழியர், இரண்டு மணி நேரப் பயிற்சியில் பந்து ஒருமுறைகூடக் கீழே விழவில்லை என்று குறிப்பெழுதினார். வாரக் கடைசியில் அது வரைபடமாகி நடைபாதைப் பலகையில் ஒட்டப்பட்டது. கோடு நேராக, உச்சியில், ஒரு சுளிவும் இல்லாமல் ஓடியது. கல்லூரியின் விளையாட்டு வரலாற்றில் அப்படியொரு கோடு இருந்ததில்லை.

வெண்டலுக்கு ஒன்றும் புரியவில்லை. தாம்தான் முட்டாளோ என்று இரண்டு நாள் யோசித்தார். பிறகு அக்கரைக்குத் தொலைபேசியில் பேசினார். கார்ட்ரைட் கல்லூரியின் சாமான் அறையை நடத்தும் ஜோ ஃபெரெட்டி அவருக்குப் பதினைந்து வருடப் பகையாளி. கிறிஸ்துமஸுக்கு இருவரும் ஒருவருக்கொருவர் நூல்கண்டு அனுப்பிக்கொள்வார்கள்.

"ஏம்ப்பா ஜோ, உங்க ஊர்ல எப்படி?"

"யோவ், உன்னாலதான்யா எல்லாம்!" என்று வெடித்தார் ஜோ. "நீங்க ஒரு ஆபீஸ் தொறந்தீங்களா, எங்க ஆளுங்களுக்குத் தூக்கம் போச்சு. ஜனவரியில நாங்களும் தொறந்துட்டோம். மட்டை மேன்மை மையம். ஆறு பேரு. உங்களுக்கு நாலுதானே?"

"நாலு."

"அதான் ஆறு. உங்க முத்திரை எப்படி?"

"ஒரு பூட்டு, ஒரு சீட்டு."

"எங்களது ரெண்டு பூட்டு. ஒரு சாவி என் டைரக்டர்கிட்ட. இன்னொண்ணு எங்க இருக்குன்னு அவருக்கே தெரியாது. பாதுகாப்புக்காம்."

"பொண்ணுங்க எப்படி ஆடறாங்க?"

"தொடப்பக்கட்டையை வச்சு ஆடறாங்க. நேத்து ஒருத்தி உண்மையிலேயே தரையைக் கூட்டிட்டுப் போயிட்டா."

இருவரும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.

"ஜோ, அந்த உறைக்குள்ள வலை என்ன ஆகுதுன்னு பார்த்தியா?"

"பார்த்தேன். ஹீட்டர் ரூம்ல வச்சிருக்காங்க. காய்ஞ்சு சுருங்குது. தட்டினா மேளம் மாதிரி சத்தம் வருது. பந்து அதுல நிக்காதுய்யா. எகிறும்."

வெண்டல் அதைத்தான் அஞ்சியிருந்தார். பை ஆழமாக இருந்தால் கோல் செல்லாது. பையே இல்லாவிட்டால் கோலே விழாது. வெதர்பியில் இந்த இரண்டாவது குறையைக் கவனிக்க அலுவலகம் எதுவும் இல்லை.

இரு கல்லூரிகளும் சேர்ந்திருக்கும் ஏரிக்கரைக் கூட்டமைப்பின் தலைமையகத்திலிருந்து அந்த வாரம் ஒரு கடிதம் வந்தது. இரு அணிகளுக்கிடையிலான நூற்றாண்டுப் பகை இப்போது நிர்வாகத் துறைக்கும் விரிவடைந்திருப்பது தமக்குப் பெருமகிழ்ச்சி அளிக்கிறது என்று அதில் கண்டிருந்தது.

ஆட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமை டெஸ் சாமான் அறைக்கு வந்தாள். நான்காம் ஆண்டு மாணவி. மே மாதம் படிப்பு முடிகிறது. அதற்குப் பிறகு யாரும் அவளை லக்ராஸ் ஆடச் சொல்லப் போவதில்லை.

"வெண்டல், என் மட்டையைப் பார்க்கலாமா?"

"பார்க்கலாம். தொடக் கூடாது. பார்த்ததுக்குக் கையெழுத்து போடணும்."

கையெழுத்து போட்டாள். பூட்டிய கம்பி அலமாரிக்குள் முப்பத்தொரு மட்டைகள் பிளாஸ்டிக்கில் வரிசையாகத் தொங்கின, சலவைக்கடையில் யாரும் வாங்க வராத கோட்டுகளைப் போல. பதினேழாம் எண் அவளுடையது. கம்பி இடுக்கில் விரலை நுழைத்து உறைக்கு மேலாகவே வலையைச் சுண்டினாள். 'டங்' என்றது.

"இதுலயா ஆடப் போறேன்? டென்னிஸ் ஆடலாம்."

"உறையைப் பிரிக்க ஒரு விண்ணப்பம் இருக்கு. எழுதிக் கொடுத்திருக்கேன்."

"என்ன சொன்னாங்க?"

"குழு பரிசீலிக்கும்னாங்க. குழு திங்கக்கிழமை கூடுது."

"ஆட்டம் சனிக்கிழமை."

"அதையும் சொன்னேன். தேதியைக் குறிச்சுக்கிட்டாங்க."

டெஸ் தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "போன வருஷம் நாம ஜெயிச்சிருக்கணும். தோத்தாக்கூடப் பரவால்ல வெண்டல். நிஜமாவே ஆடித் தோத்தா பரவால்ல. இந்தப் பந்து கையில வந்து எகிறி எகிறிப் போறதைப் பார்த்துக்கிட்டு முடிக்கணுமா நான்?"

ஓய்வுபெற வெண்டலுக்கு இன்னும் மூன்று வருடம். மேசையில் நூல் வெட்டும் கத்தரிக்கோல் கிடந்தது. அதை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். சனிக்கிழமை காலையில் திரும்ப எடுத்துக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதற்கென்று கேட்டிருந்தால் நூல் வெட்ட என்றுதான் சொல்லியிருப்பார்.

சனிக்கிழமை வெயில் அடித்தது. நடுநடுவே வெண்பனித் துகளும் விழுந்தது. மைதானத்துக்குப் பின்னால் வாகன நிறுத்தத்தில் வழக்கம்போல் பெற்றோர்கள் மேசை போட்டிருந்தார்கள். கோழித்துண்டு வறுபட்டது. டெஸ்ஸின் அப்பா டோனல் கலஹன், பால் லாரி ஓட்டுபவர், இரண்டு பெரிய அண்டாக்களில் உப்பு உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார். அணி தோற்றாலும் ஜெயித்தாலும் ஆட்டத்துக்குப் பிறகு எல்லோருக்கும் கிழங்கும் வெண்ணெயும். ஒன்பது வருடமாக அது துக்க வீட்டுச் சாப்பாடாக இருந்தது.

ஒரு மணிக்கு ஆட்டம். பன்னிரண்டு இருபதுக்கு நடுவர் அர்லீன் ஹப் மட்டைகளைச் சோதிக்க வந்தார். வாரநாட்களில் தபால் பட்டுவாடா செய்பவர்; அறுபது வயது; எந்த வீட்டு நாயும் அவரைப் பார்த்துக் குரைப்பதில்லை என்று ஊரில் பேச்சு. களத்தின் ஒரு பக்கம் வெதர்பியின் முப்பத்தொரு மட்டைகள். மறுபக்கம் கார்ட்ரைட்டின் முப்பத்துநான்கு. எல்லாம் உறையில். கார்ட்ரைட்டின் உறைகளில் சிவப்பு மெழுகு முத்திரையும் இருந்தது.

அர்லீன் முதல் மட்டையை எடுத்தார். பந்தைப் போட்டார். பிளாஸ்டிக் மேல் பட்டுப் பந்து துள்ளி உருண்டு ஓடியது.

"என்னது இது?"

"சான்று பெற்ற மட்டை," என்றார் டாக்டர் லூமிஸ். "பன்னிரண்டு நாளா மனுஷக் கை படல."

"பிரிங்க."

"பிரிச்சா சான்று ரத்தாயிடும்."

"பிரிக்கலேன்னா மட்டை செல்லாது. மட்டை மேல ஒண்ணும் சுத்தியிருக்கக் கூடாது. விதியில இருக்கு." அர்லீன் அடுத்த மட்டைக்குப் போனார். "இதுவும் செல்லாது. இது? செல்லாது." களத்தைக் கடந்து அக்கரைக்காரர்களிடம் போனார். மெழுகை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இங்கயும் எல்லாம் செல்லாது. மணி பன்னிரண்டரை. ஒரு மணிக்குள்ள ஆளுக்குப் பன்னிரண்டு செல்லும் மட்டை காட்டுங்க. இல்லேன்னா ரெண்டு பேரும் தோத்ததா எழுதிட்டுப் போயிடுவேன். கார்ல சூப் ஆறுது."

இரு பயிற்சியாளர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நூற்றாண்டுப் பகையில் இருவரும் ஒரே ஆட்டத்தில் தோற்றது இல்லை.

டாக்டர் லூமிஸ் கார்ட்ரைட் மையத்தின் இயக்குநரைத் தனியே அழைத்துப் போய்ப் பேசினார். ஐந்து நிமிடம் கழித்து இருவரும் முகம் மலர்ந்து கைகுலுக்கிக்கொண்டார்கள். பிறகு டாக்டர் லூமிஸ் ஒலிபெருக்கியை வாங்கினார். நானூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"நண்பர்களே, ஒரு நல்ல செய்தி. அலுவலகம் தொடங்கின முதல் வருஷத்திலேயே, இன்னிக்கு ஒரே நாள்ல, அறுபத்தஞ்சு செல்லாத மட்டைகள் ஆட்டத்துக்கு முன்னாடியே பிடிபட்டிருக்கு. போன வருஷம் எத்தனை? ஒண்ணே ஒண்ணு. அதுவும் ஆட்டத்துக்கு நடுவுல. இந்த முன்னேற்றத்தைக் கவனியுங்க. சிலர் ஆட்டம் நடக்காம போயிடுமோன்னு வருத்தப்படறீங்க. எனக்குப் புரியுது. ஆனா யோசிச்சுப் பாருங்க: ஆட்டம் நடந்தாத்தான் விதிமீறல் நடக்கும். இன்னிக்கு ரெண்டு கல்லூரியும் சேர்ந்து, விதிமீறலுக்கு வாய்ப்பே இல்லாத முதல் ஆட்டத்தை உருவாக்கியிருக்கோம். வெளிய போகும்போது ஒரு கருத்துப் படிவம் இருக்கும். தயவு செய்து நிரப்புங்க."

யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் கைதட்டினார். பக்கத்தில் இருந்தவர் முறைத்ததும் நிறுத்தினார்.

வெண்டல் களத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். எதிரே டெஸ், உடுப்பு போட்டு, கண்ணுக்குக் கம்பிக் காப்பு மாட்டி, வெறுங்கையோடு நின்றாள். பன்னிரண்டு நாள் பழக்கம். விரல்கள் இல்லாத மட்டையைப் பிடித்தபடியே மடங்கியிருந்தன. வெண்டல் அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு குனிந்து பதினேழாம் எண்ணை எடுத்தார்.

"மிஸ்டர் ப்ரூயிட்!" டாக்டர் லூமிஸ் ஒலிபெருக்கியை அணைக்காமலே கூப்பிட்டார். ஏரி முழுக்கக் கேட்டது. "அது விதி பதினாலு!"

"தெரியும் மேடம். பதினஞ்சு என்ன?"

"பதினஞ்சு கிடையாது."

"அப்போ இதோட முடிஞ்சுது," என்று வெண்டல் கத்தரிக்கோலை எடுத்து முத்திரையை வெட்டினார்.

உடனே களத்தின் கார்ட்ரைட் பக்கத்திலிருந்து ஜோ ஃபெரெட்டியின் குரல் வந்தது. "யோவ் வெண்டல், இன்னொரு கத்தரி இருக்கா? எனக்கு ரெண்டு பூட்டுய்யா!"

"பூட்டை விடு, உறையை வெட்டு!"

பெண்கள் அறுபது பேரும் பாய்ந்தார்கள். பல்லால் கிழித்தவர்களும் உண்டு. ஆனால் வெளியே வந்த மட்டைகளைப் பார்த்ததும் சத்தம் அடங்கியது. வலைகள் விறைத்துக் கிடந்தன. நடுவர் சொல்லும் ஆழத்துக்குள் எல்லாம் இருந்தன; அதற்கு மேல் ஒன்றும் சொல்வதற்கில்லை. டெஸ் ஒரு பந்தை மேலே எறிந்து ஏந்தினாள். பந்து 'டங்' என்று எகிறி வேலிக்கு அப்பால் போனது. மணி பன்னிரண்டு நாற்பது.

"குத்திக் குத்தி இறக்க முடியாதா?" என்றார் பயிற்சியாளர் குபியாக்.

"ஒரு வாரம் ஆகும் கோச். வெந்நீர்ல முக்கினா இளகும். ஆனா அறுபது மட்டைக்கு இப்ப எங்க போய் வெந்நீர்..." வெண்டல் நிறுத்தினார். காற்று வாகன நிறுத்தப் பக்கமிருந்து அடித்தது. மூக்கு அவருக்கு முன்னால் திரும்பியது.

டோனல் கலஹன் கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தபோது அறுபது பெண்கள் மட்டைகளைத் தூக்கிக்கொண்டு தம்மை நோக்கி ஓடி வருவதைக் கண்டார்.

"ஏய், ஏய்! கிழங்கு இன்னும் வேகல!"

"அப்பா, நகருங்க!"

"டெஸ், அது சாப்பாடும்மா!"

"பத்து செகண்டுப்பா!" என்று அவள் மட்டையைத் தலைகீழாக அண்டாவில் இறக்கினாள்.

வெண்டல் ஓர் அண்டாவில், ஜோ மற்றொன்றில். வரிசை கட்டி நின்றார்கள், இரு கல்லூரிப் பெண்களும் கலந்து, யார் எந்தப் பக்கமென்று பார்க்க நேரமில்லாமல். முக்கு, எடு, உதறு, முஷ்டியால் குத்து, பந்தைப் போட்டு அமுக்கு. வெண்டல் ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே தூக்கி, தேவையான இடத்தில் ஒரு முடிச்சு இழுத்து அனுப்பினார். கார்ட்ரைட் பெண் ஒருத்தியின் வலையிலிருந்து ஒரு கிழங்கு வந்தது. "கிழங்கு நிக்குது, அப்போ பந்தும் நிக்கும்," என்று ஜோ அதைக் கடித்துக்கொண்டே அடுத்ததை வாங்கினார்.

"பதினேழு," என்றாள் டெஸ், நீட்டியபடி.

வெண்டல் அதை மட்டும் இரண்டு முறை அளந்தார். முடிச்சை இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார்.

"போதும் வெண்டல். நூல் அறுந்துடும்."

"போன வருஷம் அந்த முடிச்சு..."

"தெரியும். அன்னிக்கே தெரியும்." சிரித்துக்கொண்டே மட்டையைப் பிடுங்கினாள். "விடுங்க, மணியாச்சு."

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு அர்லீன் ஹப் மறுபடி சோதித்தார். மட்டைக்கு நான்கு நொடி. பந்து, அமுக்கு, கண், அடுத்தது. மூன்றாவது மட்டையில் நின்று முகர்ந்து பார்த்தார்.

"இதுல என்ன வாசனை?"

"உருளைக்கிழங்கு," என்றார் வெண்டல்.

அர்லீன் கொஞ்சம் யோசித்தார். "விதிப் புத்தகத்துல உருளைக்கிழங்கைப் பத்தி ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

ஒரு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. முதல் பத்து நிமிடம் வெதர்பிப் பெண்கள், பந்து உண்மையாகவே வருகிறதே என்று திகைத்துப்போய் மூன்று கோல் வாங்கினார்கள். கார்ட்ரைட்காரிகளுக்கோ மட்டையைத் தரையோடு வைத்துப் பெருக்குவதை நிறுத்த அரை ஆட்டம் பிடித்தது. அதன் பிறகு யாருக்கும் எதுவும் ஞாபகமில்லை. ஓடினார்கள், விழுந்தார்கள், கத்தினார்கள். உப்புத் தண்ணீர் தெறித்து எல்லார் சட்டையிலும் வெள்ளைப் புள்ளிகள். வெண்டல் இடைவேளையில் கையுறைகளை அப்படியே போட்டுவிட்டு முப்பத்தொரு மட்டைகளையும் ஒருமுறை இழுத்துக் கட்டினார்.

கடைசி இரண்டு நிமிடம். பதினொன்றுக்குப் பதினொன்று. வெண்டல் கோட்டுக்கு வெளியே நின்று, நகத்தைக் கடிக்கிறோம் என்று தெரியாமல் கடித்துக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு நிழல் வந்து நின்றது. டாக்டர் லூமிஸ். கையில் குறிப்பேடு. கூட இரண்டு ஊழியர்கள்.

"மிஸ்டர் ப்ரூயிட், உங்க பணி நீக்கத்தைப் பத்திப் பேச வந்தேன்."

"ம்."

"அதுல ஒரு சிக்கல். விதிப்படி முத்திரையை உடைச்சவர் ஒருத்தரா இருக்கணும். இங்க அறுபத்து ரெண்டு பேர். அறுபது பேர் மாணவிகள், ஒருத்தர் எதிரணி ஊழியர். அதனால நாங்க உட்கார்ந்து பேசி, இன்னிக்கு நடந்ததை அலுவலகத்தோட திட்டமிட்ட வெந்நீர் ஒழுங்குமுறைன்னு அறிக்கையில எழுதறதா முடிவு பண்ணியிருக்கோம். அதுக்குச் சில விவரம் தேவை. தண்ணி எத்தனை டிகிரி?"

வெண்டல் காலை எக்கி அவருடைய தோளுக்கு மேலே பார்க்க முயன்றார். டெஸ் கோலுக்குப் பின்னாலிருந்து பந்தோடு வெளிப்பட்டாள்.

"கொதிச்சுது."

"கொதிநிலை," என்று ஓர் ஊழியர் எழுதிக்கொண்டார்.

"உப்பு எவ்வளவு? அடுத்த வருஷத்துக்கு ஒரு துணைக் குழு அமைக்கணும். கிழங்கு சிவப்பா வெள்ளையா? ஒரு மட்டைக்கு எத்தனை கிழங்குன்னு தோராயமா ஒரு எண்ணிக்கை கொடுத்தா..."

ஒருத்தியைத் தாண்டினாள் டெஸ். இரண்டாமவள் கையை நீட்டினாள்; டெஸ் குனிந்து புகுந்தாள். பந்து வலைப்பைக்குள் ஒட்டியது போல உட்கார்ந்திருந்தது. கூட்டம் எழுந்து நின்றது. வெண்டலுக்கு அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் டாக்டர் லூமிஸின் சாம்பல் நிற மேல்கோட்டும் ஒரு குறிப்பேடும்தான்.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஓர் இயக்குநரிடம் இப்படிப் பேசியதில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம். மறைக்குது."

டாக்டர் லூமிஸ் திகைத்து, இரண்டடி தள்ளி நின்றார். மட்டை நேர்மை அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து ஆட்டத்துக்குச் செய்த முதல் உதவி அதுதான். அந்த இரண்டடி இடைவெளியில், டெஸ்ஸின் மட்டை சுழல்வதையும், கோல் காப்பாளரின் முழங்காலுக்கும் கம்பத்துக்கும் நடுவே பந்து போவதையும், பின்வலை பொங்கி அடங்குவதையும் வெண்டல் முழுதாகப் பார்த்தார்.